தாளுக்கும் ஒரு திருஷ்டிப் பொட்டு

எனக்குக் கோபம் மூக்கின் மேல் உட்கார்ந்திருக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் உண்ணாமலை அக்காவைப் பற்றிச் சொல்லிக்கொண்டு போகும்போது, இந்தப் பொம்பளை ஏன் இப்படிக் கத்துகிறாள் என்று என்னைத் திட்டுவீர்கள். திட்டுவதில் தப்பும் இல்லை.

1998ஆம் வருஷம் வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குப் பின்பக்கம் புதிதாக முளைத்த வீடுகளில் ஒன்றை வாடகைக்குப் பிடித்து, கைக்குழந்தைகளைப் பற்றிய ஆராய்ச்சிக்கு ஓர் ஆபீஸ் திறந்தார்கள். அங்கே படிவங்களைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை எனக்குக் கிடைத்தது. பெயர் அருணாதேவி, படிப்பு பி.காம்., டைப்ரைட்டிங் தமிழிலும் இங்கிலீஷிலும் ஹையர். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அதை நானே சொல்லிக்கொள்ளக் கூடாதுதான்.

ஊர் ஊராகப் போகிற வேலைக்கு ஆறு பெண்களை வைத்திருந்தார்கள். பிரசவமான இரண்டு நாளுக்குள் அந்த வீட்டுக்குப் போய், பெற்றவர்களிடம் சம்மதம் கேட்டு, குழந்தையின் வாயில் இரண்டு சொட்டு மருந்து விட்டு, எடை போட வேண்டும். பிறகு மாதம் ஒரு தடவை போய், எடை எவ்வளவு, முத்தடுப்பு ஊசி போட்டாயிற்றா, ஊசிக்குப் பிறகு காய்ச்சல் வந்ததா, பேதி உண்டா என்று கேட்டு எழுதிக்கொண்டு வர வேண்டும். ஐந்து பேருடைய படிவங்கள் பரவாயில்லாமல் இருக்கும். உண்ணாமலை அக்காவுடையதைத் தொட்டால் கை கழுவ வேண்டும். மஞ்சள் கறை, கூழ்க் கறை, ஒரு தடவை கோழி மிதித்த தடம்கூட இருந்தது. போதாததற்கு, சில படிவங்களில் ஆணா பெண்ணா என்று எழுதுகிற கட்டத்துக்குள்ளேயே கறுப்பாக ஒரு புள்ளி அப்பிக்கொண்டிருக்கும்.

"அக்கா, இது ஆபீஸ் படிவமா, அடுப்பு துடைச்ச துணியா?"

"அது வந்து தேவி..."

"வந்தும் வேணாம், போயும் வேணாம். புதுப் படிவம் எடுத்து நானே எழுதிக்கிறேன். அழுக்கைப் பார்த்தா எனக்குப் பத்திக்கினு வருது!"

அக்கா சிரித்துக்கொண்டே போய்விடுவாள். நான் உட்கார்ந்து, கறை பட்டதையெல்லாம் சுத்தமான படிவத்தில் என் முத்தெழுத்தில் நகல் எடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். எந்தத் தாளையும் எறியக் கூடாது என்பது ஆபீஸ் சட்டம். அதனால் பழைய அழுக்குப் படிவங்களைக் கட்டுக் கட்டிப் பரண் மேல் போட்டுவிடுவேன்.

ஆபீசுக்குப் பெரியவர் டாக்டர் சக்கரவர்த்தி. முதல் நாளே எங்கள் எல்லாரையும் உட்கார வைத்துப் பாடம் எடுத்தார். பாட்டில்களில் நம்பர் மட்டும்தான் இருக்கும். சிலவற்றில் வைட்டமின் ஏ, சிலவற்றில் வெறும் எண்ணெய். எந்த நம்பரில் எது என்று அவருக்கே தெரியாது. குழந்தைகள் ஒரு வயசு தாண்டிய பிறகு, வேறு ஊரில் பூட்டி வைத்திருக்கிற பட்டியலைப் பிரித்துத்தான் பார்ப்பார்கள்.

"ஒரே சொட்டு, ஒரே ஊசி. ஆனா பையனோட உடம்பும் பொண்ணோட உடம்பும் அதை ஒரே மாதிரிதான் ஏத்துக்குதா? இவ்வளவு நாளா ரெண்டு பேரையும் ஒண்ணா சேர்த்தே எண்ணிக்கிட்டு இருந்தோம். இனிமே பிரிச்சு எண்ணப் போறோம்" என்றார்.

பின்வரிசையிலிருந்து உண்ணாமலை அக்கா எழுந்தாள். "சொட்டுக்கு ஆம்பள பொம்பள தெரியுமா சார்?"

எல்லாரும் கொல்லென்று சிரித்தோம். டாக்டர் சிரிக்கவில்லை. "அதையேதாம்மா நானும் கேக்கறேன். தெரியாது. தெரியாததாலதான் எண்ணறோம். அதனால ஆணா பெண்ணாங்கற கட்டத்தைப் பத்திரமா எழுதுங்க. அது தப்பாச்சுன்னா மத்த கட்டமெல்லாம் வீண்" என்றார். 'ஆ' என்றால் ஆண், 'பெ' என்றால் பெண். ஒரே எழுத்து, அதில் என்ன தப்பு வந்துவிடப் போகிறது என்று நான் நினைத்தேன்.

ஊருக்குள்ளே இந்த எண்ணெய்க் கதை ஒரு மாதத்தில் பரவிவிட்டது. அத்தியந்தலில் ஓர் ஆயா அக்காவை ஓரமாகக் கூப்பிட்டு, "நல்ல மருந்தை என் பேரனுக்கு ஊத்து. வெறும் எண்ணெயை அந்த மூணாவது வீட்டுல பொறந்திருக்குதே பொண்ணு, அதுக்கு ஊத்திடு" என்றாளாம்.

"எது நல்லதுன்னு எனக்கே தெரியாது ஆயா. அண்ணாமலையாருக்குத்தான் தெரியும்" என்றாளாம் அக்கா.

"அப்போ என் பேரனுக்கு நாலு சொட்டா ஊத்து!"

இதையெல்லாம் அவள் மதியச் சாப்பாட்டு வேளையில் சொல்லிக் காட்டுவாள். அந்த ஆயா மாதிரியே உதட்டைப் பிதுக்கிப் பேசுவாள். எனக்குப் புரையேறும்.

அக்காவுக்குச் சொந்த ஊரும் அத்தியந்தல்தான். படிப்பு எட்டாவது. வீட்டுக்காரர் வேடியப்பன் கிரிவலப் பாதையில் சைக்கிள் கடை வைத்திருந்தார். வாய் திறந்து நான்கு வார்த்தை பேச மாட்டார், ஆனால் தினமும் காலையில் அக்காவின் செருப்பை எடுத்துப் பார்த்து, வார் அறுந்திருந்தால் தைத்து வைத்துவிடுவார். அப்படி நடக்கிறவள் அவள். ஒரு நாளைக்கு எட்டு மைல், பத்து மைல். பஸ் வந்தால் ஏறுவாள், வராவிட்டால் பேஜாரே இல்லாமல் நடந்துவிடுவாள்.

அவளுக்கு 1989இல் இரட்டைக் குழந்தைகள். பையன் இளவரசன், பெண் அம்சா. ஒன்பதாம் மாதம் பக்கத்து ஊரில் தட்டம்மை ஊசி போடுகிறார்கள் என்று சேதி வந்தது. அன்றைக்கு நல்ல மழை. இரண்டையும் தூக்கிக்கொண்டு போக முடியாது. "பையனை இட்டுக்கினு போ. பொட்டப் புள்ளைக்கு அடுத்த தபா போட்டுக்கலாம்" என்று மாமியார் சொல்லிவிட்டாள். அடுத்த தடவை ஊசி வருவதற்குள் அம்சாவுக்கு அம்மை வந்துவிட்டது. உயிர் தப்பியது. இடது கண்ணில் பூ விழுந்துவிட்டது.

"அந்தக் கண்ணுக்கு வைட்டமின் ஏ கொடுத்திருந்தா தப்பிச்சிருக்கும்னு அப்புறமா ஒரு நர்ஸம்மா சொன்னாங்க. ஒரு ஊசி, ஒரு ஸ்பூன் மருந்து. ரெண்டும் பையனுக்குப் போச்சு" என்று அக்கா ஒரு நாள் தயிர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவள் ஊறுகாயை என் பக்கம் தள்ளினாள். "அழ வேண்டியதெல்லாம் அப்பவே அழுது முடிச்சிட்டேன் தேவி. அப்புறம்தான் நடக்க ஆரம்பிச்சேன்."

அந்த நர்ஸம்மாவுக்கு ஊசி மருந்து ஐஸ் பெட்டியை ஊர் ஊராகச் சுமந்து கொடுப்பதில் ஆரம்பித்து, எங்கள் ஆபீஸ் வரைக்கும் வந்திருந்தாள். அம்சா அப்போது நான்காவது படித்துக்கொண்டிருந்தாள். ஒற்றைக் கண்ணால் அரிசியில் கல் பொறுக்குவதில் அவளை மிஞ்ச ஆளில்லை, ஓட்டப் பந்தயத்திலும் அவள்தான் முதல். மகளைப் பற்றிப் பேச்செடுத்தால் அக்காவை நிறுத்த முடியாது.

அவள் எடை போடுவதைப் பார்க்க வேண்டும். விட்டத்திலோ வேப்பங்கிளையிலோ தொங்கு தராசை மாட்டி, துணித்தூளியில் குழந்தையைப் போட்டு, முள் நிற்கிற வரைக்கும் "ஆடாதடி ராசாத்தி, ஆடாதடா ராசா" என்று கொஞ்சிக்கொண்டே இருப்பாள். எடை போட்டால் கண் பட்டுவிடும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு பயம் உண்டு. கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாது என்பார்கள். அதனால் அக்காவின் பையில் ஒரு கண்மை டப்பா எப்போதும் இருக்கும். எடை போட்டு முடித்ததும் மோதிர விரலால் மையைத் தொட்டுக் குழந்தையின் கன்னத்தில் ஒரு திருஷ்டிப் பொட்டு வைப்பாள். அதற்குப் பிறகுதான் தாய்க்காரிகள் மூச்சு விடுவார்கள்.

1999 மாசியில் எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. கவிநிலா. எங்கள் வீடும் வேங்கிக்கால் என்பதால் அக்காவின் கணக்கில்தான் வந்தது. இரண்டாம் நாள் காலையில் தராசும் பையுமாக வந்து நின்றாள். இரண்டு சொட்டு விட்டாள், எடை போட்டாள். இரண்டு கிலோ முந்நூற்று ஐம்பது. "கம்மிதான். ஆனா கை காலு பாரு, இன்னா நீளம்! ஒசரமா வருவா" என்று சொல்லி, வழக்கம்போல மை டப்பாவைத் திறந்தாள்.

"வேணாம்க்கா. அது அழுக்கு. நான் இதெல்லாம் நம்பறதில்ல" என்றேன்.

கட்டிலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த என் மாமியார் பச்சையம்மாள், "பொட்டப் புள்ளைக்கு யாரு கண்ணு வெக்கப் போறாங்க? மூடி வெய்யும்மா" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. நான் வேண்டாம் என்றதும் அவர் வேண்டாம் என்றதும் ஒன்றல்ல என்று கத்தத் தோன்றியது. ஊருக்கெல்லாம் கத்துகிற எனக்கு அன்றைக்குப் பார்த்து வாய் வரவில்லை. உண்மையைச் சொல்வதானால், ஆணாக இருந்தால் நன்றாயிருக்கும் என்று நானும்தான் பத்து மாதம் நினைத்திருந்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அக்கா டப்பாவை மூடிவிட்டு, எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, படிவத்தில் என்னவோ வெகுநேரம் எழுதிக்கொண்டிருந்தாள்.

மூன்று மாதம் லீவு. என் இடத்தில் வேறொருவரைத் தற்காலிகமாக வைத்திருந்தார்கள். அவர் கறையெல்லாம் பார்க்காமல் அழுக்குப் படிவத்திலிருந்தே நேராகக் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தார். நான் திரும்பி வந்து அதற்கும் கொஞ்சம் புலம்பிவிட்டு, அந்தக் கட்டையும் பிரித்துப் பார்க்காமல் பரணில் ஏற்றினேன்.

ஐப்பசியில் டாக்டர் ஒரு காரியம் செய்தார். கணக்கை முடிப்பதற்கு முன்னால் ஆஸ்பத்திரிப் பிரசவப் பட்டியலையும் எங்கள் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஆண் பெண் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். ஐந்து பேருடைய ஊர்களில் ஒரு தப்பும் இல்லை. உண்ணாமலை அக்காவின் ஊர்களில் ஆறு குழந்தைகளின் கணக்கு உதைத்தது. ஆஸ்பத்திரியில் ஆண் என்று இருந்த ஆறும் எங்களிடம் 'பெ'.

டாக்டருக்கு முகம் சுண்டிப்போனது. "ஒண்ணுன்னா கை தவறுன்னு சொல்லலாம். ஆறு! பார்க்காமலே வீட்டுல உட்கார்ந்து எழுதியிருக்காங்களோ என்னவோ. அப்படின்னா அந்தம்மாவோட நூத்தி நாப்பது குழந்தைங்களையும் கணக்குலேர்ந்து எடுத்துட வேண்டியதுதான். திங்கட்கிழமை வரச் சொல்லுங்க. பதில் சரியில்லேன்னா வேலைலேர்ந்து நிறுத்திடலாம்" என்றார்.

எனக்குக் கடுகு வெடிப்பது மாதிரி வெடித்தது. ஒரு வருஷ உழைப்பு! மத்தியானமே டவுன் பஸ் பிடித்து அத்தியந்தலுக்குப் போனேன்.

அக்கா திரௌபதி என்கிற பெண்ணின் வீட்டில் எடை போட்டுக்கொண்டிருந்தாள். தராசில் பதினோரு மாதக் குழந்தை. பூப்போட்ட கவுன், கையில் கண்ணாடி வளையல், உச்சந்தலை முடியைக் கூட்டிக் கட்டி ஒரு கனகாம்பரம். "குப்பம்மா, இங்க பாரு குப்பம்மா" என்று திரௌபதி சொடக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். கணக்கு உதைத்த ஆறு குழந்தைகளின் பட்டியலில் அந்த வீடும் இருந்தது.

"அக்கா, இது பையன்தானே?" என்றேன், வாசலில் நின்றபடியே.

திரௌபதி குழந்தையைத் தூளியோடு வாரி எடுத்து அதன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். அவள் முகம் வெளுத்ததைப் பார்த்து எனக்கே பயமாகிவிட்டது. அக்கா என் கையைப் பிடித்துத் தரதரவென்று தெருவுக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். அவள் என்னைத் திட்டியது அன்றைக்குத்தான் முதல் தடவை.

"வாய்ல இன்னா கொள்ளிக்கட்டையா வெச்சிருக்க? ரெண்டு ஆம்பளப் புள்ளைங்கள அடுத்தடுத்து வாரிக் குடுத்தவ அவ. ஒண்ணு நாப்பது நாள்ல போச்சு, இன்னொண்ணு ஏழாம் மாசம். இது தங்கணும்னு பச்சையம்மனுக்கு வேண்டிக்கினு இருக்கா. ஒரு வயசு முடியற வரைக்கும் பொண்ணாட்டம் வளர்க்கணும். பையன்னு எந்த வாயும் சொல்லக் கூடாது, எந்தக் காதும் கேக்கக் கூடாது. வர்ற கார்த்திகை தீபத்துக்கு மொட்டை போட்டு, கரும்புத் தொட்டில்ல அண்ணாமலையார் கோயிலைச் சுத்தி வந்து, அப்புறம்தான் வல்லரசுன்னு பேரு சொல்லிக் கூப்பிடுவா. இன்னும் முப்பது நாளு. அதுக்குள்ள நீ வந்து தண்டோரா போடுற!"

"எல்லாம் சரி. படிவத்துல எதுக்கு 'பெ'ன்னு எழுதினீங்க?"

"பையன்னு எழுதாதக்கான்னு என் கையைப் புடிச்சுக்கினு அழுதா. தாளும் ஒரு வாய்தானே தேவி? நீ அதைப் படிப்ப, டாக்டர் படிப்பாரு. மத்த அஞ்சு புள்ளைங்களோட அம்மாக்களும் இப்படித்தான்."

"வெயில்லயும் மழையிலயும் போய் ஊசி போடுங்கன்னு சொல்ற நீங்களே இதை நம்பறீங்களா?"

"நான் நம்பறேனா இல்லியான்றது பேச்சில்ல. அவ நம்பறா. அவ சொன்னதை நான் கேக்கலேன்னா கதவைச் சாத்திப்பா. கதவைச் சாத்திக்கினா சொட்டும் இல்ல, ஊசியும் இல்ல. இந்தக் குழந்தைக்கு எல்லா ஊசியும் போட்டாச்சு, தெரியுமா? தட்டம்மை ஊசி உட்பட!"

நான் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். திங்கட்கிழமை, பதில், வேலை. அக்கா நடையை நிறுத்திவிட்டாள். வேடியப்பனின் சைக்கிள் கடையில் என்ன வருமானம் வரும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவள் கண்ணில் தெரிந்தது அந்தக் கவலை இல்லை.

"நூத்தி நாப்பது புள்ளைங்களையும் எடுத்துடுவாரா? நான் நடந்ததெல்லாம்?" என்றாள். பிறகு, "பொய் எழுதறமேன்னு எனக்கும் உறுத்திச்சு. அதான் அந்த எழுத்து பக்கத்துலயே மை தொட்டு ஒரு பொட்டு வெச்சேன். தாளுக்கும் திருஷ்டி கழியட்டும், எனக்கும் ஞாபகத்துக்கு ஆச்சுன்னு" என்றாள்.

"பொட்டா?"

"நீ திட்டுவியே, அடுப்பு துடைச்ச துணின்னு. அதான்."

அந்தப் புள்ளிகளை அழுக்கு அழுக்கு என்று சொல்லி நகல் எடுத்தவள் நான். "ஏன்க்கா அப்பவே சொல்லல?" என்று அதற்கும் அவளிடமே பாய்ந்தேன்.

"நீ சொல்ல விட்டாத்தானே!" என்றாள்.

சனிக்கிழமை பரணில் ஏறிக் கட்டுகளை இறக்கினேன். தூசியில் தும்மித் தும்மி, ஒவ்வொரு படிவமாகப் பிரித்து, புள்ளி உள்ளதை மட்டும் உருவி எடுத்தேன். படிவத்தில் பெயர் இருக்காது, நம்பர்தான். பெயர்ப் பட்டியல் டாக்டரின் அலமாரியில் பூட்டி இருக்கும். எண்ணிப் பார்த்தால் ஏழு புள்ளி. ஆறுதானே இருக்க வேண்டும்? ஒன்று ஆஸ்பத்திரிக்காரர்கள் விட்டதாக இருக்கும் என்று நானே முடிவு கட்டினேன். அவசரக்காரிக்குப் புத்தி மட்டு.

திங்கட்கிழமை அக்கா பச்சைச் சேலை கட்டி, தலை வாரிப் பூ வைத்து, கல்யாணத்துக்கு வந்தவள் மாதிரி வந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் ஏழு படிவங்களையும் டாக்டரின் மேஜையில் பரப்பினேன். "சார், இவங்க மேல தப்பில்ல. புள்ளி இருந்தா பையன்னு அர்த்தம். அதை அழுக்குன்னு நினைச்சு நகல்ல விட்டது நான்" என்றேன். வேண்டுதல், பெண் வேஷம், தாளும் ஒரு வாய் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன்.

டாக்டர் பட்டியலை எடுத்து ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். ஐந்து குழந்தைகளுக்கு வேண்டுதல் முடிந்திருந்தது. அந்த ஐந்தைப் பற்றியும் அக்கா படிவத்தைப் பார்க்காமலே, பிறந்த எடையிலிருந்து போன மாத எடை வரைக்கும் கடகடவென்று சொன்னாள். ஒரு கிராம் பிசகவில்லை. ஆறாவது வந்ததும், "இதை மட்டும் தீபம் வரைக்கும் கேக்காதீங்க சார். அப்புறம் நானே எழுதித் தர்றேன்" என்றாள். டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது என்று உதட்டைப் பார்த்தே தெரிந்தது. எனக்குப் போன உயிர் திரும்பியது.

ஏழாவதை எடுத்தார். பட்டியலைப் பார்த்தார். திரும்பவும் படிவத்தைப் பார்த்தார்.

"இதுலயும் புள்ளி இருக்கு. ஆனா இது ஆஸ்பத்திரியிலயும் பொண்ணுதான், நம்மகிட்டயும் பொண்ணுதான். அப்போ புள்ளிக்குப் பையன்னு அர்த்தம் இல்லையேம்மா? தோணின இடத்துல வெச்சிருக்கீங்க. இதை வெச்சு மத்ததை நான் எப்படி நம்பறது?"

அக்கா தரையைப் பார்த்தாள்.

"சொல்லுங்க. உங்க வேலையே இந்தப் பதில்லதான் இருக்கு."

"அதைக் கேக்காதீங்க சார்" என்றாள். இப்போது அவள் குரலில் பழைய தைரியம் இல்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு வந்து கரையேற்றப் பார்த்தால், கடைசி நேரத்தில் வாயை மூடிக்கொள்கிறாளே! "சொல்லித் தொலைங்களேன்க்கா!" என்று டாக்டர் முன்னாலேயே கத்தினேன்.

டாக்டர் படிவத்தை வாசித்தார். "மாசி மாசம் பிறந்தது. எடை ரெண்டு கிலோ முன்னூத்தி அம்பது..."

அந்த எடையை எந்தத் தாய் மறப்பாள்? டாக்டரின் விரல் பெயர்ப் பட்டியலில் இறங்கிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அந்தக் குழந்தைக்கு யாருமே பொட்டு வெக்கல சார். கன்னத்துல வெக்க என்னையும் விடல. பொட்டப் புள்ளைக்கு யாரு கண்ணு வெக்கப் போறாங்கன்னுட்டாங்க. எனக்கு மனசு கேக்கல. அதான், தாள்லயாவது ஒண்ணு வெச்சிட்டேன்" என்றாள் அக்கா.

நான் அழுதேன். சத்தமில்லாமல் கண்ணீர் விடுகிற ஜாதி இல்லை நான். மூக்கை உறிஞ்சி, விக்கி, முந்தானையை நனைத்து, ஆபீஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி அழுதேன். டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "யாராவது மூணு டீ சொல்லுங்கப்பா" என்றார்.

அக்காவின் வேலை போகவில்லை. ஐந்து படிவங்களைத் திருத்திக் கையெழுத்துப் போட வைத்தார். ஆறாவதில் 'பெ'யை மட்டும் அழிக்கச் சொல்லி, ஒரு கட்டம் ஒரு மாதம் காலியாக இருந்தால் குடி முழுகிவிடாது என்றார். மிச்சக் குழந்தைகளை வேறொரு பெண்ணை அனுப்பிச் சரிபார்த்தார், அத்தனையும் சரி. அக்காவுக்கு அரைமணி நேரம் நல்ல திட்டு விழுந்தது. "அடுத்த தடவை வேண்டுதல் இருந்தா தாள்ல எழுதாதீங்க, என் காதுல சொல்லுங்க" என்றார். நகல் எடுத்ததற்கு எனக்கு எழுத்து மூலமாக எச்சரிக்கை கொடுத்தார். என் சர்வீசிலேயே வாங்கிய ஒரே மெமோ அதுதான், பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஆராய்ச்சி ரிப்போர்ட் வந்தது 2002இல். எங்கள் குழந்தைகளைப் பிரித்து எண்ணிப் பார்த்ததில், பையனுக்கு இப்படி, பெண்ணுக்கு அப்படி என்று அடித்துச் சொல்கிற அளவுக்கு ஒன்றும் தெரியவில்லை, இன்னும் நிறையக் குழந்தைகளை எண்ண வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். "அப்போ சொட்டுக்கு ஆம்பள பொம்பள தெரியுமா தெரியாதா?" என்றாள் அக்கா. "இன்னும் தெரியலையாம்" என்றேன். "அது போகட்டும், ஊத்தற நமக்கு ஆம்பள பொம்பள தெரியாம இருந்தா சரி" என்று சொல்லிவிட்டுத் தராசை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வேறொரு ஆபீஸ், அதே ஊர்கள். இன்றைக்கும் நடக்கிறாள். வேடியப்பன் இன்றைக்கும் செருப்பு தைத்து வைக்கிறார்.

ஆனால் நான் சொல்லி முடிக்க நினைத்தது 1999 தீபத்தை. கோயிலைச் சுற்றி எள் விழ இடமில்லை. மஞ்சள் துணியைக் கரும்பில் தொட்டிலாகக் கட்டி, இந்தப் பக்கம் திரௌபதியும் அந்தப் பக்கம் அவள் வீட்டுக்காரனும் தோளில் தாங்கி வந்தார்கள். தொட்டிலுக்குள்ளே மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு, கவுனும் வளையலும் இல்லாமல், அரைஞாண் மட்டும் கட்டிய பையன். சுற்றி முடித்து நின்றதும் திரௌபதி, "வல்லரசு! டேய் வல்லரசு! என் பையன்டா நீ!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். ஒரு வருஷமாக அடக்கி வைத்திருந்த குரல். பக்கத்தில் போனவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அக்கா அந்த நெரிசலிலேயே படிவத்தை என் முதுகில் வைத்து, காலியாக இருந்த கட்டத்தில் 'ஆ' என்று எழுதினாள்.

பிறகு மை டப்பாவைத் திறந்து வல்லரசுவின் கன்னத்தில் ஒரு பொட்டு வைத்தாள். டப்பாவை மூடப் போனாள். நான் இடுப்பிலிருந்த கவிநிலாவை அவள் முன்னால் நீட்டினேன். என் மாமியாரும் கூடத்தான் நின்றிருந்தார். குழந்தை முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் தாடையைப் பிடித்துக்கொண்டேன். அக்கா மோதிர விரலால் மையைத் தொட்டு, மெதுவாக ஒரு பொட்டு வைத்தாள்.

"இன்னும் கொஞ்சம் பெருசா வைங்கக்கா" என்றேன்.